மெழுகுதிரிப் பெட்டிக்குள் ஒரு கார்ட்

டிலோனின் கொம்பியூட்டர் திரை ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோடு கோடாகக் கிழிந்து, பிறகு கறுத்து, அத்தோடு அடங்கிவிட்டது. வீடெல்லாம் கருகல் மணம். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த நிமலினி கத்தியும் கையுமாக ஓடி வந்தாள். தம்பிக்கு ஒன்றும் இல்லை என்று கண்டதும் அவளுக்கு மூச்சு வந்தது. கறுத்துப்போன திரையைக் கண்டதும் வந்த மூச்சு திரும்பவும் நின்றுவிட்டது.

ஒரு விளையாட்டுச் சாமான் பழுதானதற்கு இருபத்தொன்பது வயதுப் பெண் இப்படிப் பதறுவாளா என்று கேட்கிறவர்கள், சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில், யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஊர்காவற்றுறையில் ஒரு பத்தொன்பது வயதுத் தம்பியை வைத்திருந்து பார்த்திருக்க வேண்டும். அதற்கு முந்திய ஐப்பசியில் பாண் வாங்கப் போன பெடியன் ஒருவன் திரும்பி வரவில்லை. அவனுடைய சைக்கிள் மட்டும் பேக்கரி மதிலில் சாத்தியபடி நின்றது, பாண் பை ஹாண்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. யார் கொண்டு போனது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கேட்டவரையும் தேட வேண்டி வரும்.

அன்றைக்கே நிமலினி ஒரு சட்டம் போட்டாள். டிலோன் படலைக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் அவள் சொல்தான் சட்டம். கடற்றொழிலாளர் சங்கத்தில் தட்டச்சு வேலை பார்த்து அடுப்பெரிக்கிறவள் அவள்தானே. ஆனால் பந்தடித்துத் திரிந்த பெடியனைச் சட்டம் போட்டு எத்தனை நாளைக்கு வீட்டுக்குள் வைத்திருக்கலாம்? வைத்திருந்தது சட்டமில்லை, அந்தக் கொம்பியூட்டர். சமாதான காலத்தில் பிரான்சில் இருக்கும் அண்ணன் றொஜன் வாங்கி அனுப்பியது. கறன்ற் இருக்கிற நேரமெல்லாம் டிலோன் அதற்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு பாழடைந்த நகரத்துக்குள் ஓடி ஓடிச் சுடுவான். கறன்ற் இல்லாத நேரம் அடுத்த கட்டத்தை எப்படித் தாண்டுவது என்று யோசித்தபடி படுத்திருப்பான். எட்டு மாதம் இப்படிப் போனது. அந்த வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் தம்பி வீட்டுக்குள் இருக்கிறான் என்று நிமலினி நிம்மதியாகச் சோறு வடிப்பாள்.

எரிந்தது கிராபிக்ஸ் கார்ட் என்று டிலோன் சொன்னான். திரையில் படத்தை வரைகிற பலகையாம் அது, மற்றதெல்லாம் நல்லாயிருக்கிறதாம், அதை மட்டும் மாற்றினால் போதுமாம். யாழ்ப்பாணத்தில் எடுக்கலாம், தானே போய் வாங்கி வருகிறேன் என்று சேர்ட்டையும் மாட்டிவிட்டான். நிமலினி படலையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புதனும் வியாழனும் அவன் விறாந்தையில் நடந்தான். வெள்ளிக்கிழமை அவள் வேலையால் வந்தபோது ஒழுங்கை முடக்கில் இருக்கும் மதகில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மதில் ஏறிக் குதித்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து படையினரின் ஜீப் ஒன்று பிரதான வீதியில் மெதுவாகப் போனது. அதிலிருந்த இரண்டு பேர் ஒழுங்கைக்குள் திரும்பிப் பார்த்தார்கள். நிமலினி தம்பியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். நாளைக்கு நான் போய் வாங்கி வருகிறேன், நீ வீட்டை விட்டு அசையாதே என்று மட்டும் சொன்னாள். அவனும் அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணினான்.

எரிந்த கார்ட்டையே கொண்டு போய்க் காட்டினால் கடைக்காரனுக்கு லேசு. அதைத் தொடவே நிமலினிக்குப் பயமாக இருந்தது. சோதனைச் சாவடியில் ஒட்டியிருக்கும் நோட்டீசில் சந்தேகத்துக்கிடமான பொருட்கள் என்று படம் போட்டிருப்பார்களே, அதில் இருக்கும் சாமானுக்குத் தம்பி மாதிரி இருந்தது அது. ஆகவே டிலோன் ஒரு கொப்பித் தாளில் கார்ட்டை வைத்து, அதன் பல் எங்கே வருகிறது, வெட்டு எங்கே வருகிறது என்று ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கீறிக் கொடுத்தான். அந்தத் தாளைக்கூட அவள் செபப் புத்தகத்துக்குள் வைத்துத்தான் கொண்டு போனாள். கீறின தாளென்றால் வரைபடம் என்று எவனாவது சொன்னால் என்ன செய்வது? பஸ்ஸில் போகும்போது புத்தகத்தை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தாள். பக்கத்துச் சீற்றுக் கிழவி அவளைப் பெரிய பக்திக்காரி என்று நினைத்திருப்பாள்.

கஸ்தூரியார் வீதியில் ஒரு மாடிப் படிக்குக் கீழே இருந்த கடை அது. கடைக்கார நிரோஜனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கீறல் தாளைப் பார்த்துச் சிரித்தான். இப்படி அளவெடுத்துக்கொண்டு கார்ட் வாங்க வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றான். பிறகு சிரிப்பை விட்டு, இது பழைய பொருத்து, ஏ.ஜி.பி. என்று பெயர், இப்போது வருகிறதெல்லாம் வேறு பொருத்து, இதற்குள் இறங்காது என்று விளக்கினான். தெற்கிலிருந்து வருகிற தரைப்பாதையைப் பூட்டி, கப்பலில்தான் சாமான் வருகிற காலம். அரிசிக்கே இடமில்லாத கப்பலில் கார்ட்டுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? கடையில் அந்தப் பொருத்தில் இரண்டே இரண்டுதான் இருந்தன.

ஒன்று சின்னது. உள்ளங்கைக்குள் அடங்கும். விசிறி இல்லை, வயர் இல்லை, பார்க்க ஒரு பாவமும் அறியாத சாமான். மற்றது யாரோ பாவித்து விற்றது. பெரியது. முதுகில் செப்புக் கட்டியும் அதன் மேல் ஒரு விசிறியும், ஓரத்திலிருந்து சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக நீளும் வயரும். சாவடி நோட்டீசில் இருக்கிற சாமானேதான். நிமலினி ஒரு அடி பின்னுக்குப் போனாள்.

சின்னதைப் போட்டால் படம் பார்க்கலாம், கடிதம் அடிக்கலாம், சீட்டு விளையாடலாம் என்றான் நிரோஜன். தம்பி விளையாடுகிற சண்டைக்கு அது காணாது. ஆள் நடந்தால் விக்கி விக்கி நடப்பான். பெரியதற்கு நினைவகம் இருநூற்றைம்பத்தாறு, தனியாகக் கறன்ற் வயர் கொடுக்க வேண்டும், ஆனால் எல்லாம் ஓடும். அவன் இலக்கங்களைச் சொல்லச் சொல்ல நிமலினி தலையை ஆட்டினாள். அவளுக்கு வேண்டியது அந்தக் கணக்கில்லை.

"தம்பி, எனக்கு இதொண்டும் விளங்காது. எதைப் போட்டால் அவன் எத்தனை நாளைக்கு வீட்டுக்குள்ளை இருப்பான்? அதைச் சொல்லும்."

நிரோஜன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் வீட்டில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"சின்னதெண்டால் ஒரு கிழமை, அக்கா. பெரிசெண்டால் சண்டை முடியுமட்டும்."

எந்தச் சண்டை என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனால் சாவடியில் ஒரு நாயும் கேட்காது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவன் மதகில் இருப்பான். பெரியதைக் கொண்டு போவதென்றால் இன்றைக்கு ஒரு நாள் அவள் பயப்பட வேண்டும். அதன் பிறகு பயமில்லை. பயத்தை அவன் தலையில் வைப்பதைவிடத் தன் தலையில் வைப்பது மேல் என்று அவளுக்குப் பட்டது. பெரியதைக் கட்டச் சொன்னாள்.

நிரோஜன் சாமானின் பெயரை இங்கிலீசிலும் எழுதி, கடை முத்திரை குத்திப் பில் கொடுத்தான். கையில் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டு போங்கள், கேட்டால் பில்லைக் காட்டுங்கள், கிழமைக்கு நாலு பேர் இப்படித்தான் கொண்டு போகிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, ஒளிக்க மட்டும் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னான். அவள் ஓம் என்றாள். கடையை விட்டு வெய்யிலுக்குள் வந்ததும் அந்த ஓம் காற்றோடு போய்விட்டது. தூரத்தில் ஒரு சிப்பாயின் துவக்கு தெரிந்தால் போதும், நிரோஜன் சொன்ன நியாயம் எந்த மூலைக்குக் காணும்?

தீவுப் பெண்களுக்கு ஒரு வழி தெரியும். மெழுகுதிரிப் பெட்டியைச் சாவடியில் கிளற மாட்டார்கள். கோயில் சாமானில் கை வைக்க அவர்களுக்கும் ஒரு கூச்சம். முந்திப் பற்றறிக்குத் தடை இருந்த காலத்தில் பக்கத்து வீட்டு மாக்கிறேற் அக்கா ஆறு பற்றறியை நேர்த்தி மெழுகுதிரிகளுக்குக் கீழே வைத்துக் கொண்டு வந்து, அதைப் பத்து வருசமாகச் சொல்லிப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள். ஆனி மாதம் என்றபடியால் அந்தோனியார் திருநாளுக்குக் கடைகளில் மெழுகுதிரி குவிந்து கிடந்தது. நிமலினி ஒரு பெரிய பெட்டி வாங்கினாள். ஆஸ்பத்திரிப் பக்கம் இருந்த ஒரு கோயில் வாங்கில் உட்கார்ந்து, திரிகளை எடுத்துவிட்டு, கார்ட்டைக் கீழே கிடத்தி, பில்லையும் அதோடு வைத்து, மேலே திரிகளை வரிசையாக அடுக்கினாள். மாக்கிறேற் அக்காவைவிட வடிவாக அடுக்கினாள்.

தீவுக்குப் போகிற வழியில், பண்ணைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிற்பாட்டி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு வாழைக்குலை, ஒரு தையல் மெசின், அழுகிற குழந்தை ஒன்று. நிமலினி பெட்டியின் மூடியை அரைவாசி திறந்து, வெள்ளைத் திரிகள் தெரியும்படி மார்போடு பிடித்துக்கொண்டாள். காவலில் நின்றவன் சின்ன வயசுக்காரன். பெட்டியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"அந்தோனி?" என்று கேட்டான்.

அவள் தலையாட்டினாள். அவன் கழுத்துக்குள் கையை விட்டுச் செபமாலையை எடுத்துக் காட்டினான். சிலாபத்துப் பக்கம் தன் ஊர் என்று அரைகுறைத் தமிழில் சொன்னான். மண் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு அந்தோனியார் படம் வைத்திருந்தார்கள், முன்னால் உருகி முடிந்த திரியொன்று. ஒரு மெழுகுதிரி தாருங்கள், ஏற்ற வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டான். அவள் மேலே கிடந்ததை எடுத்து நீட்டுவதற்குள் அவனே பயபக்தியோடு இரண்டு விரலால் ஒரு திரியைத் தூக்கினான். வெய்யிலில் இளகி ஒட்டியிருந்த மற்றதும் கூட வந்தது. கீழே சிவப்பு வயர் தெரிந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. விசில் ஊதியது. பஸ்ஸில் வந்தவர்களை வீதிக்கு அந்தப் பக்கம் துரத்தினார்கள். வாழைக்குலைக்காரர் குலையைப் போட்டுவிட்டு ஓடினார். பெட்டியை மெல்ல நிலத்தில் வைக்கச் சொல்லி, அவளைத் தனியே வெய்யிலில் கையை உயர்த்தியபடி நிற்க வைத்தார்கள். செபமாலைக்காரன் இப்போது துவக்கை அவளுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். நிமலினிக்கு, தான் செத்தால் தம்பி படலையைப் பூட்டுவானா என்ற யோசனை மட்டும் வந்தது.

அரை மணித்தியாலம் கழித்து ஒரு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர், தமிழ் நன்றாகவே பேசினார். பெட்டிக்குள் ஒரு தடியால் திரியை ஒதுக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்து கார்ட்டைக் கையில் எடுத்தார். அவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. பில்லையும் வாசித்தார். அதோடு சங்கதி முடிந்துவிடும் என்று நிமலினி நினைத்தாள்.

"இது கேம் விளையாடுற கார்ட். கொண்டு போகலாம், தடை இல்லை," என்றார் அவர். "ஏன் ஒளிச்சனீங்கள்?"

"பயத்திலை, சேர்."

"பயப்படுற ஆளிட்டைப் பயப்படுறதுக்கு ஏதோ இருக்க வேணும்."

யார் விளையாடுகிறது என்று அவர் கேட்டார். நான்தான் என்றாள். தம்பி என்ற சொல் தொண்டையில் இருந்தது, அதை விழுங்கிவிட்டாள். பொருத்து ஏ.ஜி.பி., நினைவகம் இருநூற்றைம்பத்தாறு, தனிக் கறன்ற் வயர் வேண்டும் என்று நிரோஜன் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அதிகாரி மெச்சியது போலத் தலையை ஆட்டினார். என்ன கேம் என்று கேட்டார். எட்டு மாதம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் மட்டும் கேட்டவளுக்குப் பெயர் தெரியவில்லை.

"சரி, வீட்டை போய்ப் பாப்பம்," என்றார் அவர்.

ஜீப்பின் பின்னால் அவளை ஏற்றினார்கள். மண்டைதீவுச் சந்தி போனது, அல்லைப்பிட்டி போனது, வேலணை போனது. எட்டு மாதமாகத் தம்பி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று மன்றாடியவள், இப்போது அவன் வெளியே போயிருக்க வேண்டும் என்று மன்றாடினாள். மதில் ஏறிக் குதித்திருக்க வேண்டும், மதகில் இருக்க வேண்டும், கடற்கரைக்கு ஓடியிருக்க வேண்டும். சத்தியத்தை ஒரு நாளைக்கு மீறினால் என்ன குறைந்துவிடும்? அவளுடைய வேண்டுதலில் அந்தோனியாருக்கே தலை சுற்றியிருக்கும்.

டிலோன் வீட்டில்தான் இருந்தான். சொன்ன சொல் தவறாத பிள்ளை. கொம்பியூட்டரின் மூடியைக் கழற்றி, தூசி தட்டி, திருப்புளியை மடியில் வைத்துக்கொண்டு அக்காவுக்காகக் காத்திருந்தான். சீருடைகளைக் கண்டதும் எழும்பி நின்றான், திருப்புளி கீழே விழுந்தது. நிமலினி அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

அதிகாரி கார்ட்டை அவன் கையில் கொடுத்துப் போடச் சொன்னார். இரண்டு முறை அது வழுக்கியது, மூன்றாம் முறை கார்ட் டக்கென்று இறங்கியது. வயரைக் கொடுத்தான். விசிறி சுழன்றது. திரை வெளித்தது. விளையாடச் சொன்னார் அதிகாரி. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பாழடைந்த நகரம் வந்தது, சுவருக்குப் பின்னாலிருந்து ஆட்கள் வந்தார்கள், டிலோன் சுட்டான். கை ஓட ஓடப் பயம் தெளிந்து, பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதையே மறந்துபோனான். ஒவ்வொரு வெடிக்கும் நிமலினியின் உடம்பு தூக்கிப் போட்டது.

"நல்லாச் சுடுறாய். எங்கை பழகினனி?" என்று கேட்டார் அதிகாரி.

டிலோன் திரும்பாமலே, "இதிலைதான் சேர்," என்றான்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த வகைச் சிரிப்பு என்று நிமலினியால் கண்டுபிடிக்க முடியவில்லை. போகும்போது டிலோனின் முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். இங்கேயுள்ள எங்கள் முகாமிலும் ஒரு கொம்பியூட்டர் வேலை செய்யாமல் கிடக்கிறது, நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வந்து பார் என்றார். கட்டளை மாதிரியும் இல்லை, கேட்டது மாதிரியும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. நிமலினி முதற்பூசைக்குப் போகவில்லை. தம்பியோடு முகாம் வாசல் வரை போனாள். அவளை உள்ளே விடவில்லை. வீதிக்கு மற்றப் பக்கத்தில் ஒரு பூவரச மரத்தின் கீழ் நின்றாள். பூசை முடிந்து வந்தவர்கள் அவளைக் கண்டு, முகாமைக் கண்டு, கதை கேட்காமல் விலகிப் போனார்கள். பாண் வாங்கப் போனவனின் தாயும் இப்படித்தான் இதே இடத்தில் நின்றவள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தானும் விலகித்தான் போனாள் என்பதும் ஞாபகம் வந்தது.

பன்னிரண்டு மணிக்கு டிலோன் வந்தான். சிரித்துக்கொண்டு வந்தான். கையில் ஒரு பிஸ்கற் பெட்டி. நிமலினிக்கு அழுகை வந்தது. அவன் தோளைத் தொட்டு, முகத்தைத் தொட்டு, காயம் எதுவும் இல்லை என்று பார்த்தாள். இருவரும் ஒழுங்கைக்குள் திரும்பியபோது மாக்கிறேற் அக்காவின் புருசன் யாக்கோப்பு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு வாசலில் இருந்தார். டிலோனை நாலு வயதில் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனவர். நிமலினி கும்பிட்டாள். அவர் பிஸ்கற் பெட்டியைப் பார்த்தார். வலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படலையைச் சாத்தினார்.

முகாமில் இருக்கிற பக்கத்துக்கு மட்டும்தான் இதுவரை அவள் பயந்திருந்தாள். முகாமுக்குள் போய்ச் சிரித்துக்கொண்டு வருகிற பெடியனைக் கணக்கு வைக்கிறவர்கள் மற்றப் பக்கத்தில், இயக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவதில்லை, ஒரு துண்டுக் கடதாசியில் காரணத்தை எழுதிப் பிணத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போவார்கள்.

டிலோனுக்கு இதொன்றும் தெரியவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு ஒளிக்காமல் வெய்யிலில் நடந்த சந்தோசம் அவன் முகத்தில் இருந்தது. கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே சொன்னான்.

"அவையின்ரையும் கிராபிக்ஸ் கார்ட்தான் அக்கா போயிட்டுது. எதைப் போட்டால் நல்லம் எண்டு அவைக்குத் தெரியாதாம். வியாழக்கிழமை என்னை ரவுனுக்குக் கூட்டிக்கொண்டு போகினமாம், நான்தான் பாத்து எடுத்துக் குடுக்க வேணுமாம்."

"எதிலை?" என்று கேட்டாள் நிமலினி.

"ஜீப்பிலைதான். முன் சீற்றிலை." அவன் துவாயால் முகத்தைத் துடைத்தான். "நீங்கள் போன கடை எந்தக் கடை அக்கா? கடைக்காரப் பெடியன் நல்லவனோ?"